மூன்றாம் பக்கத்து வாழ்த்து

ஜனவரி நான்காம் தேதி அச்சகத்தைத் திறப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷமும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். வாசலில் இடுப்பளவு பனி. அதைத் தள்ளி ஒதுக்கிவிட்டுக் கதவை ஒரு உதை விட்டேன். அந்தக் கதவு நல்ல வார்த்தைக்கு மசியாது, உதைத்தால்தான் திறக்கும். உள்ளே நாலு நாளாகப் பூட்டிக் கிடந்த குளிரும் காரீய வாடையும் முகத்தில் அடித்தன. மை டப்பா கல்லாக இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து அதன் தலையில் டப்பாவை ஏற்றினேன்.

அன்றைக்கு எழுத்துக் கோக்க வேண்டியது ஒரே ஒரு மரண அறிவிப்பு. எங்கள் மேலூர் நெசு கிழவருடையது. எண்பத்து நாலு வயது. முந்தின நாள் காலையில் நல்ல உடை உடுத்திக்கொண்டு வெளியே போனவர், பள்ளத்தாக்கில் கிடந்தார். வழி தவறியிருப்பார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் மலைக்கிராமத்துப் பத்திரிகை 'நிரேசாவா செய்தி' வாரம் ஒரு முறை, நாலே பக்கம். எழுதுவது, படம் எடுப்பது, ஊராட்சித் தலைவரோடு சண்டை போடுவது எல்லாம் முதலாளி குராமோச்சி. எழுத்துக் கோப்பது, பிழை திருத்துவது, திட்டு வாங்குவது நான், முரோய் மிசாவோ. பட்டணத்துப் பத்திரிகைகள் பனிக்காலத்தில் இரண்டு நாள் கழித்து வந்தாலும் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் தாளில் ஒரு பெயர் விட்டுப்போனால் மட்டும் ஆள் நேரில் வந்து நிற்பார். "நம்ம பேப்பர்ல வராத சாவு சாவே இல்ல" என்று முதலாளி பெருமையடித்துக்கொள்வார். அது வெறும் பெருமை என்றுதான் அதுவரை எனக்கு எண்ணம்.

புத்தாண்டு இதழின் மூன்றாம் பக்கம் முழுக்க வாழ்த்துதான். மேலூர், நடுவூர், கீழூர் என்று நூற்று நாற்பத்து மூன்று வீட்டுத் தலைவர்களின் பெயர்களும் தெருவில் வீடுகள் இருக்கிற வரிசையில் வரும். ஒவ்வொரு வருஷமும் அதைப் புதிதாகக் கோப்பதில்லை. ஈய எழுத்துகளை அப்படியே நூலால் கட்டி அலமாரியில் வைத்துவிடுவோம். டிசம்பரில் இறக்கித் தூசி தட்டி, செத்தவர் பெயரைப் பிடுங்கிவிட்டு, துக்க வருஷம் கழிந்த வீடுகளுக்கு மகன் பெயரைச் செருகினால் பக்கம் தயார். சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருஷம் வாழ்த்துக் கிடையாது. அந்த வீட்டார் வாழ்த்துச் சொல்லவும் கூடாது, வாங்கவும் கூடாது. அந்த வீட்டின் பெயரையே எடுத்துவிட வேண்டும்.

அந்த டிசம்பரில் எடுக்கவேண்டிய பெயர்களில் ஒன்று சுகாவா கென்சோ.

கென்சோ மரம் வெட்டுகிறவன். மேலூரில் எங்களுக்கு அடுத்த வீடு. அக்டோபர் புயலில் ஆறு பொங்கி, தொங்குபாலத்தை அறுத்துக்கொண்டு போனபோது அவன் பாலத்தின் நடுவில் இருந்தான். பத்து நாள் தேடினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. மரண அறிவிப்புப் போடலாமா என்று முதலாளி கேட்டபோது அவன் மனைவி யாயெ தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டாள். வீட்டார் வாய் திறந்து சரி என்று சொல்லாமல் முதலாளி போடுவதில்லை.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி நான் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து வைத்திருந்த நேரத்தில் யாயெ வந்து நின்றாள்.

"அக்கா, அவர் பேரை எடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல. எடுக்கணும்."

"எடுக்காதீங்க. இந்த ஒரு வருஷம் மட்டும்."

"யாயெ, அது வழக்கம் இல்லடி."

"உடம்பும் இல்ல, சாம்பலும் இல்ல. நீங்களும் பேரை எடுத்துட்டா அவர் எங்கதான் இருப்பார்?"

எழுத்தைப் பிடுங்கக் கையில் வைத்திருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டேன். முதலாளி ப்ரூஃப் பார்த்தபோது மேலூரின் மூன்றாம் பெயரில் அவர் பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்துவிட்டது. இரண்டு பேருக்குமே அது இரக்கம்தான். எத்தனை முறை யோசித்தாலும் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் தப்புத்தான்.

பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. முதலாளி எடுத்தார். காவல் நிலையத்திலிருந்து. "எப்ப?... எந்த இடம்?... அதே இடமா?" என்று மூன்று கேள்வி கேட்டார். வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிசாவோ, இன்னொண்ணும் கோக்கணும். ஒகாபே கிமியே. உங்க ஊருதான்."

"கிமியேவா? நேத்து நெசு தாத்தா வீட்டுல என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா!"

"இன்னிக்குக் காலையில பட்டுடுப்பு கட்டிக்கிட்டு, பலகாரப் பொட்டலத்தோட கிளம்பியிருக்கா. 'நேத்து வந்தவங்களுக்குப் பதில் மரியாதை பண்ணிட்டு வரேன்'னு புருஷன்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கா. பாலம் இருந்த இடத்துக்குக் கீழ கிடந்தாளாம். காலடி நேரா விளிம்பு வரைக்கும் போயிருக்கு. ஒரு இடத்துலகூடத் தயங்கி நிக்கலியாம்."

பதில் மரியாதை. எங்கள் ஊரில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. புத்தாண்டுக்கு ஒருவர் வாசலில் வந்து வாழ்த்துச் சொன்னால், வீட்டார் வணங்கி, "உங்களுக்கும் வாழ்த்து, இந்த வருஷமும் உங்க தயவு வேணும்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவர் மறுநாளே வாழ்த்த வந்தவர் இருக்குமிடம் தேடிப் போய் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். போகாதவரை யாரும் மனுஷராக மதிக்க மாட்டார்கள்.

எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் எடுத்தேன். நெசு. அடுத்து ஒகாபே. மூன்றாம் பக்கத்துப் பெயர் வரிசை மனசில் இருப்பதைவிட என் விரலில்தான் இருக்கிறது. விரல் தன் போக்கில் அடுத்த எழுத்துக்குப் போனது. சு. கா. வா.

கையை இழுத்துக்கொண்டேன்.

முந்தின நாள் நெசு கிழவரின் மருமகள் அழுதுகொண்டே சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது. இரண்டாம் தேதி மூன்று மணி வாக்கில் யாரோ வாழ்த்துச் சொல்ல வந்தார்களாம். மாமனார் பதில் சொன்னது சமையலறைவரை கேட்டதாம். அவள் தேநீரோடு வந்து பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை. தரை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சேற்று நாற்றம். 'கென்சோ வந்தான், பாவம், தொப்பலா நனைஞ்சிருந்தான்' என்றாராம். 'அவர்தான் செத்துப்போயிட்டாரே மாமா' என்று அவள் சொன்னதற்குக் கிழவர் கோபித்துக்கொண்டாராம்.

'பேப்பர்ல பேர் போட்டிருக்கே!'

துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் முதலாளி.

சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அலமாரிக்குப் போய்ப் புத்தாண்டு இதழை எடுத்து மூன்றாம் பக்கத்தை விரித்தார். மேலூரில் ஆறே வீடு. அவர் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது.

"முதல் பேர் நெசு. ரெண்டாம் தேதி. அடுத்தது ஒகாபே. மூணாம் தேதி. மூணாவது அவன் பேரே. தன் வீட்டுக்குத் தானே போய் யாரும் வாழ்த்துச் சொல்றதில்ல."

நான்காவது பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. முரோய் தெய்ஜி. என் கணவர்.

என் வீட்டுக்காரர் தபால்காரர். நிரேசாவாவிலேயே அவரைப் போல மரியாதைக்காரர் கிடையாது. தபால் ஆபீஸ் தொலைபேசியில் பேசும்போதுகூடக் குனிந்து வணங்குவார். நாய் குரைத்தால் அதற்கும் காலை வணக்கம் சொல்வார். டிசம்பரில் பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு, கட்டுப் போட்டுத் தனியாக வீட்டில் உட்கார்ந்திருந்தார். வாசலில் யார் வந்தாலும் தவழ்ந்தாவது போய்ப் பதில் சொல்லிவிடுவார். மேலூரில் யார் வீட்டிலும் தொலைபேசி கிடையாது.

"நான் போறேன்."

"போய்? இன்னிக்கு அவர் வாயைப் பொத்துவே. நாளைக்கு அஞ்சாவது வீடு, நாளன்னிக்கு ஆறாவது. அப்புறம் நடுவூர். நூத்தி நாப்பத்திமூணு வாயையும் நீ பொத்துவியா?"

"எனக்கு என் புருஷன் வாய்தான் முக்கியம்!"

"எனக்கும்தான். இரு. பேப்பர்ல பேர் இருக்குன்னுதானே வர்றான்? பேப்பராலதான் அவனைத் திருப்பி அனுப்பணும். தப்புப் போட்டா திருத்தம் போடணும், அவ்வளவுதான்." குரல் கறாராக இருந்தது. சிகரெட்டைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி ஆனது.

பத்து வரிகூட இல்லை. 'மறைவு. மேலூர் சுகாவா கென்சோ, வயது 41. அக்டோபர் 17 வெள்ளத்தில் காலமானார். துக்கம் காப்பவர்: மனைவி யாயெ.' சுற்றிலும் கறுப்புக் கட்டம். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ முறை கோத்திருக்கிறேன். அன்றைக்கு எழுத்துகள் விரலில் நிற்காமல் வழுக்கின. மை இளகவில்லை. அச்சடிக்கும் ட்ரெடிலை மிதித்தால் தாளில் பாதிப் பெயர்தான் பதிந்தது. கென்சோ என்ற இடம் மூன்று முறையும் வெள்ளையாகவே வந்தது. நான்காம் முறை விழுந்தது. பார்த்தால் மணி பன்னிரண்டரை.

ஈரம் காயாத சீட்டுகளை மார்புத் துணிக்குள் செருகிக்கொண்டேன். முதலாளி வாசல்வரை வந்தார்.

"யாயெ சரின்னு சொல்லாம ஒருத்தர் கையிலயும் குடுத்துடாதே."

"இப்பவும் அதுதானா?"

"இப்பத்தான் அது. அவ ஒத்துக்காத வரைக்கும் அது வெறும் தாள்."

மேலூர் ஒரு மணி நேர ஏற்றம். புதுப் பனியில் இரண்டு மணி நேரம் ஆனது. வழியெல்லாம் என் மூச்சையும் பனிச்செருப்பு நொறுக்கும் சத்தத்தையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஓரிடத்தில் நான் நின்றேன்.

நொறுங்கும் சத்தம் இன்னும் இரண்டு அடி கேட்டது.

அதற்குப் பிறகு நான் நிற்கவே இல்லை.

யாயெயின் வாசலில் பனியைத் துப்புரவாகப் பெருக்கி வைத்திருந்தாள். உள்ளே இரண்டு பேருக்குத் தட்டு வைத்திருந்தது. அரிசி மாவுக் கட்டி போட்ட சாறு, கறுப்பு மொச்சை, வறுத்த குட்டி மீன். ஒரு தட்டில் ஆவி பறந்தது. யாயெ குடும்ப முத்திரை போட்ட நல்ல உடையில் இருந்தாள். உதட்டில் லேசாகச் சாயம்கூட இருந்தது.

"வாங்க அக்கா. நெசு தாத்தா வீட்டுக்குப் போயிருக்கார். ஒகாபே வீட்டுக்கும் போயிருக்கார். கேள்விப்பட்டீங்களா?" அவள் கண் பளபளத்தது. "எல்லார் வீட்டுக்கும் போறார். இங்க மட்டும் வரமாட்டேங்கறார். ரெண்டு நாளா கதவைக்கூட நான் சாத்தல."

திட்டத்தான் வாயெடுத்தேன். இரண்டு பேர் செத்திருக்கிறார்கள், உனக்கு உன் புருஷன் வரவில்லை என்பதுதான் கவலையா என்று. அந்த இரண்டாவது தட்டில் கண் பட்டது. சீட்டை அவள் கையில் கொடுத்தேன்.

படித்தாள். படித்து முடித்த பிறகும் தலை நிமிரவில்லை.

"இன்னிக்கு யார் வீடு அக்கா?"

நான் என் வீட்டுப் பக்கம் பார்த்தேன்.

"உங்க வீடா?"

தலையை அசைத்தேன். அழுகை வந்துவிட்டது. "யாயெ, அவர் கட்டுப்போட்ட காலோட உட்கார்ந்திருக்கார்டி. வாசல்ல யார் வந்தாலும் வணங்கிடுவார்டி."

"எனக்காகத்தானே பேரை விட்டு வெச்சீங்க." சீட்டின் கடைசி வரியில் அவள் விரல் நின்றது. மை அவள் நகத்தில் ஒட்டிக்கொண்டது. "என் பேர் பேப்பர்ல வர்றது இதுதான் முதல் தடவை." பிறகு, "குடுத்துடுங்க அக்கா. எல்லாருக்கும் குடுத்துடுங்க" என்றாள்.

சுவரில் மணி மூன்றுக்கு ஐந்து நிமிடம்.

எங்கள் வீட்டுக்கு அங்கிருந்து இருநூறு அடிகூட இல்லை. முன்வாசல் தெரியும் தூரத்தில் நான் நின்றுவிட்டேன். பாதையின் பனியில் ஒரு ஆளின் தடம் போயிருந்தது. ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்தக் குளிரில் தண்ணீர் உறையவில்லை.

சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடிச் சமையலறைக் கதவு வழியாக உள்ளே நுழைந்தேன். சேற்று நாற்றம் மூக்கைத் தாக்கியது. நடைபாதையின் கடைசியில் என் கணவரின் முதுகு தெரிந்தது. கட்டுப்போட்ட காலை நீட்டியபடி வாசல் படியருகே எப்படியோ மண்டியிட்டிருந்தார். அவருக்கு எதிரே இழுவைக் கதவு மூடியிருந்தது. பனிக்கண்ணாடிக்கு அப்பால் ஒரு உருவம் தலை குனிந்து நின்றது.

"புது வருஷம் பொறந்திருக்குங்க. வாழ்த்துங்க."

கென்சோவின் குரல்தான். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது.

என் கணவர் இரண்டு கையையும் தரையில் ஊன்றினார். குனிந்தார்.

"அடடே, கென்சோவா! உங்களுக்கும்..."

பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். நாங்கள் இருவரும் தரையில் சாய்ந்தோம். அவர் திமிறினார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் என்னை முறைத்துப் பார்த்தது அப்போதுதான்.

கண்ணாடிக்கு அப்பால் உருவம் அசையவில்லை.

"வாழ்த்துங்க" என்றது மறுபடி.

பொத்திய கையை எடுக்காமல், மறுகையால் மார்பிலிருந்து ஒரு சீட்டை உருவினேன். கதவில் பத்திரிகை போடுவதற்கு ஒரு துவாரம் உண்டு. அதில் சீட்டின் நுனியை நுழைத்தேன். தகரமூடி கடகடவென்று அடித்தது.

தாள் பாதியில் நின்றது.

பிறகு வெளியிலிருந்து யாரோ அதை மெதுவாக இழுத்துக்கொண்டார்கள்.

கென்சோ மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவன். எங்கள் பத்திரிகையை எப்போதும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். இப்போதும் அப்படியே படித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் தண்ணீர் களகளத்தது.

"மறைவு... மேலூர்... சுகாவா..."

தாள் சரசரத்தது.

"...கென்சோ."

என் உள்ளங்கையில் என் கணவரின் மூச்சு நின்று, மறுபடி வந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது.

"துக்கம்... காப்பவர்... மனைவி... யாயெ."

கடைசிச் சொல்லை மட்டும் இரண்டு முறை படித்தான். உருவம் நிமிர்ந்தது. முறையாக ஒரு வணக்கம் வைத்தது. நொறுக், நொறுக் என்று காலடி வாசலை விட்டு இறங்கிப் போனது. வந்தது போய்விட்டது, என் மனுஷன் பிழைத்தார். எனக்கு அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. காலடி எந்தப் பக்கம் போகிறது என்று நான் காது கொடுத்துக் கேட்கவே இல்லை.

"வந்தவருக்கு ஒரு வாய் சாக்கே சாராயம்கூடக் குடுக்காம அனுப்பிட்டோமே" என்றார் என் கணவர், பற்கள் தந்தியடிக்க. சிரித்தேன், அழுதேன், அவருக்கு இரண்டு அறை வைத்தேன்.

சாயங்காலத்துக்குள் மற்ற வீடுகளுக்கும் சீட்டைக் கொடுத்துவிட்டேன். நடுவூருக்கும் கீழூருக்கும் முதலாளியே அச்சடித்துக் கொண்டுபோய்ப் போட்டார். மறுநாள் எந்த வீட்டிலும் சாவு இல்லை. ஐந்தாம் தேதி காலை அச்சகத்தில் முதலாளி எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் செய்த ஒரே மரியாதை அதுதான்.

அந்த நேரத்தில் யாயெ வந்தாள். முந்தின நாள் கட்டியிருந்த அதே உடை. கையில் பலகாரப் பொட்டலம்.

"நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நாங்கதான்மா நன்றி சொல்லணும்" என்றார் முதலாளி.

"நேத்து வந்தார்."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இத்தனை நாளா ஏன் வரலைன்னு இப்பத்தான் புரிஞ்சுது. அது அவர் வீடா இருந்துச்சு. நேத்துப் பேப்பர்ல என் பேர் வந்ததும் அது என் வீடாயிடுச்சு. மூணே காலுக்குக் கதவைத் தட்டினார். விருந்தாளி மாதிரி வெளியிலயே நின்னார். 'யாயெ அவர்களுக்கு வாழ்த்துங்க'ன்னார்." அவள் வெட்கப்பட்டாள். "கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல ஒரு தடவைகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல."

"நீ பதில் சொல்லலியே? யாயெ! சொல்லலியே?"

"எப்படி அக்கா சொல்லாம இருப்பேன்?"

அவள் கையைப் பிடித்தேன். உடையின் கை விளிம்பு நனைந்து விறைத்திருந்தது. முதலாளி கதவுக்குக் குறுக்கே நின்றார். மன்றாடினோம், அதட்டினோம். அவள் அடம் பிடிக்கவில்லை. சரி அக்கா, சரி அக்கா என்று சொல்லிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேநீர்கூடக் குடித்தாள். முதலாளி காவல் நிலையத்துக்குப் பேச உள்ளே போனார். நான் அவளுக்குப் போர்த்தக் கம்பளி எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான் நேரம். உதைக்காமல் திறக்காத அந்தக் கதவு, சத்தமே இல்லாமல் திறந்து கிடந்தது.

பாலம் இருந்த இடம்வரை அவள் தடம் போயிருந்தது. விளிம்புக்குப் பத்தடி முன்னாலிருந்து அதன் பக்கத்திலேயே இன்னொரு தடம். தண்ணீர் தேங்கிய தடம். அவள் உடலும் கிடைக்கவில்லை.

யாயெக்கு மரண அறிவிப்புப் போட முடியவில்லை. துக்கம் காப்பவர் என்று யார் பெயரைப் போடுவது? அவள் தூரதேசத்து அநாதை இல்லத்திலிருந்து வந்தவள். பிள்ளை இல்லை. ஊரில் உறவு இல்லை. "நான் என் பேரைப் போடட்டுமா?" என்று முதலாளியைக் கேட்டேன். அவர், "போட்டா அப்புறம் அவ யார் வாசலுக்கு வருவான்னு யோசிச்சியா?" என்றார்.

போடாமலேயேதான் வருகிறாள். நாலு வருஷமாக. ஜனவரி நான்காம் தேதி மூன்று மணிக்கு எங்கள் வாசலில் நொறுக், நொறுக் என்று கேட்கும். என் கணவர் காதில் பஞ்சை அடைத்து, வாயில் கைக்குட்டையும் கட்டி உட்கார்த்தி வைத்திருப்பேன். அவர் கால் சரியாகிவிட்டது, மரியாதை சரியாகவில்லை. வெளியே குரல் கேட்கும். "அக்கா, வாழ்த்துங்க. அக்கா, இருக்கீங்களா?" ஒரு வார்த்தை போதும். அந்தக் குளிரில் அவளை நிற்கவைத்துவிட்டு வாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது. அவள் எனக்கு என் புருஷனைக் கொடுத்தவள்.

போன வாரம், டிசம்பர் இருபத்தெட்டு, புத்தாண்டு இதழை முடித்துவிட்டு மூன்றாம் பக்கம் தவிர எல்லா எழுத்துகளையும் நானே கலைத்து அறையறையாகப் போட்டேன். காலி ஸ்டிக்கைத் துடைத்து மேஜையில் வைத்தேன். அச்சகத்தைப் பூட்டினேன். சாவி ஒன்றுதான், அதுவும் என்னிடம்.

இன்று காலை, என் கணவரின் காதையும் வாயையும் முன்கூட்டியே கட்டிவிட்டு வந்து, அச்சகக் கதவை உதைத்துத் திறந்தபோது மேஜையடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஸ்டிக்கில் எழுத்துகள் கோத்திருந்தன. ஈய எழுத்தைத் தலைகீழாகப் படிப்பது எனக்குப் பழக்கம்.

'மறைவு. மேலூர் சுகாவா யாயெ. துக்கம் காப்பவர்: அக்கா மிசாவோ.'

கறுப்புக் கட்டமும் போட்டிருந்தது. ஒரு பிழையும் இல்லை. கலைத்தால் அவள் இன்னும் பனியில் நிற்பாள், அச்சடித்தால் என் பேர் சொல்லி வருவாள்; கலைத்துவிடலாம் என்று இடுக்கியை எடுத்தேன். மணி இப்போது இரண்டே முக்கால். இடுக்கி இன்னும் கையில்தான் இருக்கிறது.